ரியோவில் ஒரு கிட்டார் பாடம்

பிரேசிலில் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் முதல் பெயரைச் சொல்லித்தான் பேசுவார்கள். ரியோ டி ஜெனிரோவில் எனக்குக் கிட்டார் சொல்லிக்கொடுத்த ஆசிரியையும் அப்படித்தான். "துரீபியோ வாசித்ததைக் கேட்டுவிட்டு வாருங்கள், பிறகு பேசுவோம்" என்பார். எந்தப் பேச்சை எடுத்தாலும் கடைசியில் அந்தப் பெயரில் வந்து நிற்பார். முழுப்பெயர் துரீபியோ சான்டோஸ். 1943-இல் பிறந்தவர். பிரேசில் இசையமைப்பாளர் வில்லா-லோபோஸ் கிட்டாருக்காக எழுதிய பன்னிரண்டு எட்யூடுகளையும் உலகிலேயே முதன்முதலாக முழுமையாக இசைத்தட்டில் பதிந்தவர். ஆனால் என் ஆசிரியை அவர் பெயரைச் சொன்னதற்குக் காரணம் அந்த இசைத்தட்டு மட்டும் இல்லை. ரியோவின் பல்கலைக்கழகங்களில் கிட்டாருக்கென்று பட்டப்படிப்பைத் தொடங்கிவைத்தவர் அவர். அந்தப் படிப்பு மட்டும் வந்திருக்காவிட்டால், தான் இந்நேரம் ஏதாவது ஒரு வங்கி கவுண்டரில் உட்கார்ந்து காசோலைக்கு முத்திரை குத்திக்கொண்டிருப்பேன் என்பார் ஆசிரியை.

கப்பல் தொழில் சம்பந்தப்பட்ட வேலைக்காக நான் ரியோவில் சில வருடங்கள் இருந்தேன். ஊர் பழகியதும் பழைய ஆசை எட்டிப்பார்த்தது. சென்னையில் படித்த காலத்தில் சினிமாப் பாட்டுகளுக்குக் கார்டு பிடிக்கும் அளவுக்குக் கிட்டார் தெரியும். நகர மையத்தில் கரியோகா தெரு என்று ஒன்று உண்டு. அப்போது அங்கே வரிசையாக இசைக்கருவிக் கடைகள். அங்கே ஒரு கடையில் பழைய டி ஜோர்ஜியோ கிட்டார் ஒன்றை வாங்கினேன். சாவ் பாவ்லோவில் நூறு ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய நிறுவனத்தின் கிட்டார் அது. கழுத்தின் ஓரத்தில் வார்னிஷ் தேய்ந்து மரம் தெரிந்தது. அதை என்னிடமிருந்து வாங்கி, சுருதி சேர்த்து, கடைக்காரரே நின்றபடி ஒரு வால்ட்ஸ் வாசித்துக் காட்டினார். பில்லின் பின்புறம் ஆசிரியையின் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்தவரும் அவர்தான்.

ஆசிரியையின் வீடு லரான்ஜெய்ராஸ் பகுதியில், ஏற்றமான தெரு ஒன்றில், பழைய அடுக்குமாடிக் கட்டடத்தில் இருந்தது. முதல் பாடத்தில் என்னை எதையும் வாசிக்கச் சொல்லவில்லை. வலது கையை நீட்டச் சொன்னார். நகங்களை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேசை இழுப்பறையிலிருந்து ஓர் அரத்தையும், தொட்டால் காகிதம் போலவே இருந்த மிக நைசான உப்புத்தாளையும் எடுத்தார். மோதிரவிரல் நகத்தை இடது பக்கம் சற்றே தாழ்த்தி, வலது பக்கம் மெல்ல ஏறுகிற மாதிரி ராவினார். உப்புத்தாளால் விளிம்பை இழைத்தார். இரண்டாம் தந்தியை, முதலில் ராவாத நடுவிரலாலும் பிறகு ராவிய மோதிரவிரலாலும் மீட்டச் சொன்னார். ஒன்றில் கீறல் கேட்டது. இன்னொன்றில் சுரம் உருண்டு வந்தது. "இப்போது பாடம் தொடங்கலாம்" என்றார்.

அவருடைய கிட்டார் செர்ஜியோ அப்ரெயு கையால் செய்தது. வருடக்கணக்கில் காத்திருந்து வாங்கியதாகச் சொன்னார். செர்ஜியோவும் அவர் தம்பி எடுவார்டோவும் இரட்டைக் கிட்டார் வாசித்து உலகை வியக்கவைத்தவர்கள். 1970-களில் அந்த ஜோடி மேடையை விட்டு விலகியது. செர்ஜியோ கொஞ்ச காலம் தனியாக வாசித்துவிட்டு, கிட்டார் செய்கிற பட்டறைக்குள் போய்விட்டார். அந்தச் சகோதரர்களின் தாத்தா அன்டோனியோ ரெபெல்லோ. அவரிடம்தான் சிறுவன் துரீபியோவும் கிட்டார் பயின்றான். ரியோவின் கிட்டார் உலகத்தில் எந்தக் கதையைத் தொட்டாலும் அது இரண்டு மூன்று வீடுகளுக்குள் சுற்றி வந்துவிடும். பல்கலைக்கழகம் கதவைத் திறக்காத காலத்தில் கிட்டார் இப்படித்தான் பிழைத்தது. தாத்தாவிடமிருந்து பேரனுக்கு, பக்கத்து வீட்டுப் பையனுக்கு, அவனிடமிருந்து அவன் நண்பனுக்கு.

பிரேசிலில் கிட்டார் இல்லாத தெரு இல்லை. நான் குடியிருந்த கட்டடத்தின் காவலர் இரவுப் பணிக்கு வரும்போது கிட்டாரோடுதான் வருவார். அப்படிப்பட்ட நாட்டில் அந்தக் கருவிக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்கவில்லை என்பதை நம்புவது எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஆசிரியை ஒரு நாவலைக் கையில் கொடுத்தார். லிமா பாரெட்டோ எழுதிய 'பொலிகார்ப்போ குவாரெஸ்மாவின் சோக முடிவு'. 1911-இல் தொடராக வந்தது. அதில் வரும் குவாரெஸ்மா ஒரு மரியாதையான அரசு ஊழியர், புத்தகப் பிரியர், தேசபக்தர். அவர் கிட்டார் கற்க ஆரம்பித்ததும் அக்கம்பக்கம் முழுக்க அதிர்ந்துபோகிறது. இப்படியொரு கண்ணியமான மனிதர் இந்தப் பொறுக்கிகளின் வாத்தியத்தைக் கையில் எடுக்கலாமா என்று பேசிக்கொள்கிறார்கள். வில்லா-லோபோஸ் வாலிபனாக இருந்த ரியோ இதுதான். 1887-இல் பிறந்தவர். அப்பா செல்லோ சொல்லிக்கொடுத்தார். கிட்டாரை அவராகவே, 'ஷோரோ' வாசிக்கிற தெருக் கலைஞர்களோடு இரவிரவாகச் சுற்றிக் கற்றுக்கொண்டார்.

அவர் பிற்பாடு உலகப்புகழ் பெற்றுவிட்டார். கிட்டாருக்காக அவர் எழுதியவை லண்டனிலும் பாரீசிலும் அரங்கேறின. ஆனால் அவருடைய சொந்த ஊரில், 1848-இல் திறக்கப்பட்ட இசைப்பள்ளியின் வழிவந்த பல்கலைக்கழக இசைக்கல்லூரியில், பியானோவுக்கும் வயலினுக்கும் பட்டம் தந்தார்கள், கிட்டாருக்குத் தரவில்லை. சாவ் பாவ்லோ இதில் முந்திக்கொண்டது. உருகுவேயிலிருந்து வந்து குடியேறிய இசாயாஸ் சாவியோ அங்கே ஒரு கன்சர்வேட்டரியில் 1947-லேயே கிட்டார் வகுப்பை முறையாகத் தொடங்கிவிட்டார். ரியோ இன்னும் முப்பது வருடத்துக்கு மேல் காத்திருந்தது.

துரீபியோ ரியோக்காரர் இல்லை. வடகிழக்கே மரன்யாவ் மாநிலத்தின் தலைநகரான சாவ் லூயிசில் பிறந்தவர். குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் ரியோவுக்கு வந்துவிட்டது. ரெபெல்லோவிடம் பயின்றபின் உருகுவே கிட்டார் கலைஞர் ஆஸ்கர் காசெரெசிடமும் பாடம். 1958-இல், பதினைந்து வயதில், வில்லா-லோபோஸ் தம்முடைய கிட்டார் படைப்புகளைப் பற்றிப் பேசிய உரையை நேரில் கேட்டார். மறுவருடம் நவம்பரில் வில்லா-லோபோஸ் இறந்துவிட்டார். அந்தப் பையன் கேட்டது எத்தனை பெரிய பொக்கிஷம் என்று அப்போது அவனுக்கே தெரிந்திருக்க வாய்ப்பில்லை. பின்னாளில், 1975-இல், 'ஹெய்டோர் வில்லா-லோபோசும் கிட்டாரும்' என்று ஒரு சிறு புத்தகமே எழுதினார். என் ஆசிரியையிடம் இருந்த பிரதி அட்டை கிழிந்து, பக்க ஓரமெல்லாம் பென்சில் குறிப்பாக இருந்தது. கிட்டார் மாணவர்களுக்கு அது இன்றும் பயன்படுகிற நூல்.

வில்லா-லோபோசின் துணைவி அர்மிந்தாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். எல்லோரும் 'மிந்தின்யா' என்றே அழைத்தார்கள். கிட்டாருக்கான ஐந்து பிரெலூடுகளை வில்லா-லோபோஸ் 1940-இல் இந்தப் பெண்மணிக்குத்தான் சமர்ப்பணம் செய்தார். கணவர் போனபின் அவர் பெயரில் ஓர் அருங்காட்சியகம் அமைந்தது. அதன் பொறுப்பை ஏற்று, தம் சாவு வரை அதற்காகவே வாழ்ந்தார் மிந்தின்யா. பன்னிரண்டு எட்யூடுகளையும் பதிவு செய்யும்படி இளைஞர் துரீபியோவைக் கேட்டுக்கொண்டவர் அவர். இசைத்தட்டு வந்தது 1963-இல். வாசித்தவருக்கு இருபது வயது.

இது ஏன் பெரிய விஷயம் என்று எனக்கு முதல் எட்யூடைப் பாடமாக எடுத்த பிறகுதான் விளங்கியது. எட்யூட் என்றால் விரலுக்குச் சாதகமாகவும் மேடைக்கு உருப்படியாகவும் இருக்கிற சிறிய படைப்பு. வில்லா-லோபோஸ் இந்தப் பன்னிரண்டையும் 1920-களில் ஸ்பானிய கிட்டார் கலைஞர் செகோவியாவுக்காக எழுதினார். அச்சில் வந்தது 1953-இல்தான், பாரீசில் மாக்ஸ் எஷிக் பதிப்பாக. செகோவியாவே அதற்கு முன்னுரை எழுதி, ஸ்கார்லாட்டி, ஷோபான் வரிசையில் வைத்துப் பாராட்டினார். ஆனால் அந்த மாமேதை மேடையில் வாசித்தது இதில் இரண்டு மூன்றைத்தான். மற்றவை பெரும்பாலும் தாளிலேயே கிடந்தன. பன்னிரண்டும் சேர்ந்து ஒரே படைப்பு, அடுத்தடுத்து கேட்டால் அதற்குள் ஒரு பயணம் இருக்கிறது என்பதைக் காதால் கேட்கும்படி செய்தது அந்த இருபது வயதுக்காரரின் இசைத்தட்டு.

முதல் எட்யூடின் தாளைப் பார்த்தால் பயமே வராது. அளவுக்குப் பதினாறு சுரம். ஏறக்குறைய ஒவ்வொரு அளவையும் இரண்டு தடவை வாசிக்க வேண்டும். வலது கை ஒரே வரிசையில் ஆறாம் தந்தியிலிருந்து முதல் தந்திக்கு ஏறித் திரும்பி இறங்கும். அந்த வரிசை கடைசிப் பகுதி வரை மாறாது. இடது கை கார்டுகளை மாற்றிக்கொண்டு போகும். நடுவே ஓர் இடம் வருகிறது. இடது கையின் நான்கு விரலும் ஒரே வடிவத்தைப் பிடித்தபடி, கழுத்தின் உயரத்திலிருந்து ஒரு கட்டை ஒரு கட்டையாக இறங்கும். முதல் தந்தியும் ஆறாம் தந்தியும் மட்டும் விரல் படாமல் திறந்தே ஒலிக்கும். தம்பூராவின் சுருதி நிற்க, பாடகர் ஒவ்வொரு சுரமாக இறங்கி வருவதைப் போல. அசையாத அந்தச் சுரத்துக்கும் நகர்கிற வடிவத்துக்கும் ஒவ்வொரு கட்டையிலும் உறவு மாறுகிறது. ஒரு கட்டையில் இடிக்கிறது, அடுத்ததில் பொருந்துகிறது, அதற்கடுத்ததில் மறுபடி உரசுகிறது. பியானோ முன்னால் உட்கார்ந்து யோசிக்கிறவருக்கு இது தோன்றியிருக்கவே முடியாது. கிட்டாரைக் கையில் வைத்துக்கொண்டு, விரலை அப்படியே சறுக்கவிட்டுப் பார்த்த ஒருவர்தான் இதை எழுதியிருக்க முடியும்.

"இதைத் தெருவில் கற்றிருக்கிறார்" என்பார் ஆசிரியை, அந்த இடம் வரும்போதெல்லாம். நான் அந்த இடத்தை மெதுவாக, மிக மெதுவாக வாசிப்பேன். அவர் மேசையில் விரலால் தாளம் போடுவார். ஆறாம் தந்தி என் கட்டைவிரலில் அடங்கிப்போனால் நிறுத்திவிடுவார். அது ஓயாமல் கேட்க வேண்டும், அதுதான் தரை என்பார். பாடம் முடிந்ததும் இசைத்தட்டைப் போடுவார். துரீபியோவின் வாசிப்பில் அந்த ஆறாம் தந்தி எனக்கு முதலில் காதில் விழும். வேகம் பிறகுதான். மேலே சுரங்கள் பறந்தாலும் அடியில் நடை குலையாது.

1965-இல் பாரீசில் பிரெஞ்சு வானொலி நடத்திய சர்வதேச கிட்டார் போட்டியில் துரீபியோ முதல் பரிசு வாங்கினார். அங்கேயே தங்கினார். செகோவியாவிடமும் ஜூலியன் பிரீமிடமும் பாடம் கேட்டார். எராட்டோ நிறுவனத்துக்காக இசைத்தட்டு மேல் இசைத்தட்டாகப் பதிந்தார். வில்லா-லோபோசின் கிட்டார் கன்சர்ட்டோவை ழான்-பிரான்சுவா பய்யார் நடத்திய இசைக்குழுவோடு பதிந்ததும் அங்கேதான். இந்த மாதிரி வாழ்க்கை வரலாறுகள் நிறைய இருக்கின்றன. பரிசு, அரங்கம், விமானம், கைதட்டல். இதை நான் நீட்டப் போவதில்லை.

பாரீசில் அவர் செய்த இன்னொரு காரியத்தைத்தான் எனக்குச் சொல்லத் தோன்றுகிறது. மாக்ஸ் எஷிக் பதிப்பகத்தில் தம் பெயரிலேயே ஒரு வரிசையைத் தொடங்கி, சமகால பிரேசில் இசையமைப்பாளர்களைக் கிட்டாருக்கு எழுதவைத்து அச்சேற்றினார். வில்லா-லோபோசுக்குப் பிறகு பிரேசில் கிட்டாரில் என்ன இருக்கிறது என்று கேட்டவர்களுக்கு அது பதிலாயிற்று. எடினோ கிரீகர் 1974-இல் எழுதி துரீபியோவுக்குச் சமர்ப்பணம் செய்த 'ரித்மாத்தா' அப்படி வந்த உருப்படி. ஆசிரியை அதை வாசித்துக்காட்டிய சனிக்கிழமை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கிட்டாரைத் தாள வாத்தியமாகவே ஆக்கிவிடுகிற உருப்படி அது. தட்டலும் சுரமும் மாறி மாறி வந்து, ஒரு கட்டத்தில் எது எது என்று பிரிக்க முடியாமல் ஆகிவிடும். சமையலறையில் வேலையாக இருந்த அவருடைய அம்மா கதவருகில் வந்து நின்று கேட்டுவிட்டுப் போனார்.

அந்த அம்மாவிடம் பின்னொரு நாள் பேசினேன். மகள் கிட்டார் படிக்கப் போகிறேன் என்றபோது வீட்டில் பெரிய ரகளையாம். அப்பா பேருந்து ஓட்டுநர். அவரே ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு கிட்டார் வாசிக்கிறவர். ஆனாலும் மகள் அதைத் தொழிலாக எடுப்பதை அவரால் ஏற்க முடியவில்லை. கிட்டார் என்பது வேலை முடிந்து வந்தபின் வாசிப்பது, அதுவே எப்படி வேலையாகும் என்று கேட்டிருக்கிறார். மகள் பல்கலைக்கழகத்தின் அறிவிப்பைக் கொண்டுவந்து காட்டியிருக்கிறார். கூட்டாட்சி அரசின் பல்கலைக்கழகம், கட்டணம் கிடையாது, நான்கு வருடப் பட்டம், முடித்தால் பள்ளிகளில் ஆசிரியர் வேலைக்கு மனுப்போடலாம். அந்தக் காகிதத்தை அப்பா சட்டைப்பையில் வைத்துக்கொண்டு டிப்போவில் எல்லோரிடமும் காட்டினாராம். நாலு தலைமுறையாக வீட்டில் இருந்த வாத்தியம் அன்றைக்குத்தான் படிப்பாக மாறியது என்றார் அந்த அம்மா.

பிரேசில் திரும்பிய துரீபியோ 1980 வாக்கில் ரியோவின் இரண்டு கூட்டாட்சிப் பல்கலைக்கழகங்களில் கிட்டார் பட்டப்படிப்பைத் தொடங்கிவைத்ததன் பலன் இது. என் ஆசிரியை அவரிடம் நேரடியாகப் படிக்கவில்லை, அவருடைய மாணவர் ஒருவரிடம் படித்தவர். அதனால்தான் இந்தப் பணியின் அளவு எனக்குப் பிடிபட்டது. ஒரு கலைஞர் நாலைந்து சீடர்களை உருவாக்குவது வேறு. தான் முகம் பார்த்திராத பேருந்து ஓட்டுநரின் மகள் உள்ளே வரும்படி ஒரு வாசலைக் கட்டுவது வேறு. முதலாவது நடக்கத் திறமை போதும். இரண்டாவதற்குப் பாடத்திட்டம் எழுத வேண்டும், குழுக்களில் உட்கார வேண்டும், இது கச்சேரி வாத்தியம்தானா என்று சந்தேகிக்கிறவர்களோடு வாதாட வேண்டும். எராட்டோவில் பதிந்த கைகள் கோப்பு தூக்கவும் தயாராக இருந்தன என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

வகுப்புக்குள் வந்தபின் கிட்டார் தன் தெருவை மறந்துவிடவில்லை என்பது இதில் இன்னும் முக்கியம். ஐரோப்பிய வழியில் படித்தவர்கள் பாஹ், சோர், ஜூலியானி என்று போவார்கள். துரீபியோ அவற்றோடு ஷோரோவையும் மேடைக்குக் கொண்டுவந்தார், இசைத்தட்டில் பதிந்தார். ஜோவாவ் பெர்னாம்புக்கோ என்று ஒருவர் இருந்தார். வடகிழக்கிலிருந்து ரியோவுக்குப் பிழைக்க வந்த இரும்புப் பட்டறைத் தொழிலாளி. இசைக்குறிப்பு எழுதவோ படிக்கவோ தெரியாது. 1947-இல் இறந்துபோனார். அவர் விரலில் பிறந்த 'மணிகளின் ஓசை' என்ற ஷோரோ இன்று உலகமெங்கும் கிட்டார் மாணவர்கள் பயிலும் உருப்படி. அவரைப் போன்றவர்களின் இசையை பாஹுக்குக் கொடுக்கிற அதே கவனத்தோடு வாசித்தவர்களில் துரீபியோ முன்வரிசையில் நிற்கிறார். என் ஆசிரியையின் பாடத்திலும் இதே முறைதான். ஒரு வாரம் பாஹின் பூரே, மறுவாரம் பெர்னாம்புக்கோ. இரண்டுக்கும் ஒரே கண்டிப்பு. பெர்னாம்புக்கோவைச் சற்று அலட்சியமாக வாசித்தால்தான் அவருக்குக் கோபம் வரும். பாஹைக் காப்பாற்ற ஆயிரம் பேர் இருக்கிறார்கள் என்பார்.

மிந்தின்யா 1985-இல் காலமானார். மறுவருடம் வில்லா-லோபோஸ் அருங்காட்சியகத்தின் இயக்குநர் பொறுப்பு துரீபியோவுக்கு வந்தது. 2010 வரை, இருபத்துநான்கு வருடம், அதில் இருந்தார். அருங்காட்சியகம் பொட்டாஃபோகோவில் சொரொகாபா தெருவில் ஒரு பழைய மாளிகை. முன்னும் பின்னும் தோட்டம். நான் குடியிருந்த வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரம்.

விடுமுறையில் இருந்த ஒரு நாள் காலை அங்கே போனேன். வாசலில் பள்ளிப் பேருந்து நின்றது. உள்ளே தோட்டத்தில் வெள்ளைச் சட்டை போட்ட பிள்ளைகள், எட்டு ஒன்பது வயது இருக்கும், தரையில் உட்கார்ந்திருந்தார்கள். இளைஞர்கள் மூன்று பேர், ஒரு புல்லாங்குழல், ஒரு கிட்டார், சிறிய கிட்டார் போன்ற ஒரு கவாக்கின்யோ. பள்ளிப் பிள்ளைகளுக்காக அருங்காட்சியகம் நடத்திவந்த குறுங்கச்சேரிகளில் ஒன்று அது. வாசித்துவிட்டு, வாத்தியத்தைப் பற்றிச் சொல்லி, மறுபடி வாசிப்பார்கள். கிட்டார் வைத்திருந்தவர் ஒரு சிறுமியைக் கூப்பிட்டு, கிட்டாரின் பின்பலகையில் உள்ளங்கையை வைக்கச் சொன்னார். பிறகு ஆறாம் தந்தியை மீட்டினார். அவள் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள், திரும்பவும் வைத்தாள். அதன்பின் எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்தப் பலகையைத் தொட வேண்டும். கச்சேரி நின்றுபோய், வரிசை ஒன்று உருவாயிற்று. அந்த மூன்று பேரும் அவசரப்படவே இல்லை. கடைசிப் பிள்ளை தொடும் வரை ஆறாம் தந்தி ஒலித்துக்கொண்டிருந்தது.

வில்லா-லோபோசும் பள்ளிப் பிள்ளைகளுக்காக உழைத்தவர்தான். 1930-களிலும் 40-களிலும் பல்லாயிரம் பிள்ளைகளைக் கால்பந்து மைதானங்களில் கூட்டி ஒரே குரலில் பாடவைத்தார். அது வார்காஸ் ஆட்சிக்காலம். தேசபக்தி ஊர்வலமும் சர்வாதிகாரமும் கைகோத்திருந்த காலம். அந்த மைதானங்களின் புகைப்படங்களைப் பார்க்கும்போது எனக்கு மகிழ்ச்சியும் உறுத்தலும் சேர்ந்தே வரும். இத்தனை பிள்ளைகளுக்கு இசை சேர்ந்ததே என்று ஒரு பக்கம், அத்தனை பேரில் ஒரு பிள்ளையின் குரலையாவது யாராவது தனியாகக் கேட்டிருப்பார்களா என்று இன்னொரு பக்கம். அவருடைய கனவின் நல்ல பகுதி அந்தத் தோட்டத்தில்தான் தொடர்ந்ததாக எனக்குப் படுகிறது. அங்கே ஒரு பேருந்துப் பிள்ளைகள், மூன்று வாத்தியம். ஒவ்வொரு பிள்ளையும் வந்து தொட்டுப் பார்க்கலாம்.

பொட்டாஃபோகோவிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் சாந்தா மார்த்தா குன்று தெரியும். சரிவு முழுக்க ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிய வீடுகள், ஃபவேலா. துரீபியோவின் காலத்தில் அருங்காட்சியகத்தோடு சேர்ந்து 'வில்லா-லோபின்யோஸ்' என்றொரு திட்டம் நடந்தது. அந்தக் குன்றிலிருந்தும் அதைப் போன்ற ஏழைக் குடியிருப்புகளிலிருந்தும் இசையில் நாட்டமுள்ள பிள்ளைகளைச் சேர்த்து, வாத்தியமும் இசைக்குறிப்பும் கற்பிக்கிற திட்டம். ஃபவேலாப் பிள்ளைகளை வம்பிலிருந்து காப்பாற்ற இசை என்று பேசுகிறவர்கள் ரியோவில் அநேகம். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. வசதியான வீட்டுப் பிள்ளை பியானோ கற்றால் அதை யாரும் அப்படிச் சொல்வதில்லை. இந்தப் பிள்ளைகளும் இசை பிடித்திருப்பதால்தான் கற்கிறார்கள். அவர்களுக்கு நல்ல ஆசிரியர் கிடைப்பது உரிமை.

என் பாடம் முடிந்து நான் கிட்டாரைப் பெட்டியில் வைக்கும் நேரத்தில், குன்றுப் பகுதியிலிருந்து ஒரு பையன் வருவான். ஆசிரியை அவனிடம் பணம் வாங்குவதில்லை. பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தான். அதில் எழுத்துத் தேர்வோடு வாசித்துக் காட்டும் தேர்வும் உண்டு. நான் சில நாட்கள் கிளம்பாமல் உட்கார்ந்து கேட்டேன். அவன் பதினொன்றாம் எட்யூடை எடுத்திருந்தான். கட்டைவிரல் தாழ்ந்த தந்திகளில் செல்லோ மாதிரி பாட, நடுப்பகுதியில் ஒரே ஈ சுரம் வெவ்வேறு தந்திகளில் மாறிமாறி ஒலிக்கும். ஒரே சுரம்தான், ஆனால் தந்திக்குத் தந்தி நிறம் வேறு. அவன் அந்த நிறங்களைத் தேடித் தேடி வாசிப்பான். ஆசிரியை என்னிடம் தாளம் போட்டதைப் போல அவனிடம் போடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு கேட்பார். "இன்னொரு தடவை" என்று மட்டும் சொல்வார். அவன் தேர்வில் தேறினான். இப்போது நகராட்சிப் பள்ளி ஒன்றில் இசை ஆசிரியராக இருக்கிறான்.

துரீபியோ இயக்குநர் நாற்காலியில் கழித்த வருடங்களை வாசிப்பில் கழித்திருக்கலாம் என்று சொல்கிற கிட்டார் ரசிகர்கள் உண்டு. ரியோவிலேயே அப்படிப் பேசுகிறவர்களைச் சந்தித்திருக்கிறேன். அவர் மேடையை விட்டுவிடவில்லை என்பது ஒரு பதில். கற்பித்தபடியே, நிர்வகித்தபடியே வாசித்தார், பதிந்தார். ஆனால் கேள்வியே எனக்கு உடன்பாடில்லை. எட்யூட் என்ற வடிவத்தையே வாழ்நாளெல்லாம் தூக்கிச் சுமந்தவர் அவர். கற்பதற்கும் கச்சேரிக்கும் நடுவே கோடு கிழிக்காத வடிவம் அது. அவருடைய தொழில் வாழ்க்கையிலும் அப்படி ஒரு கோட்டை நான் பார்க்கவில்லை.

ஊர் திரும்பியபின்னும் ஆசிரியையோடு தொலைபேசியில் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். எங்களுக்குள் தீராத வழக்கு ஒன்று இருக்கிறது. எட்யூடுகளை துரீபியோ 1963-க்குப் பிறகு பிரான்சில் எராட்டோவுக்காகவும் பதிந்தார். அந்தப் பிந்தைய பதிவுதான் என் கட்சி. ஒலி தெளிவு, ஏழாவதின் ஓட்டம், பன்னிரண்டாவதில் கார்டுகள் முழுதாகச் சறுக்கி ஏறி இறங்குகிற இடத்தில் ஒரு மனிதர் தன் கருவியை அங்குலம் அங்குலமாக அறிந்திருக்கிறார் என்ற உறுதி. ஆசிரியைக்கு முதல் இசைத்தட்டுதான். அதில் வாசிக்கிறவருக்கு முன்னால் பின்பற்ற ஒரு பதிவும் இல்லை, ஒவ்வொரு எட்யூடிலும் அவரே வழி கண்டுபிடித்துப் போகிறார், பிந்தையதில் வழி தெரிந்துவிட்டது என்கிறார். போன வாரம்கூட எட்டாவதை எடுத்துக்கொண்டு வாதாடினோம். அதன் தொடக்கத்தின் மெதுவான பகுதியை முதல் பதிவில் மறுபடி கேட்கச் சொல்லியிருக்கிறார். கேட்டுக்கொண்டிருக்கிறேன். இன்னும் என் கட்சியை விடுவதாக இல்லை.